சிறு படகிற்கு மின்மோட்டார்: திட்டமிடும் முறை

மின்விசையால் படகைச் செலுத்துதல் புதிய எண்ணமன்று. 1838ஆம் ஆண்டிலேயே மோரிட்ஸ் ஜேக்கபி என்னும் விஞ்ஞானி, ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரில், மின்கலங்களால் இயங்கிய மோட்டார் ஒன்றைக் கொண்டு, பத்துப் பேருக்கு மேல் ஏறியிருந்த படகை நீவா ஆற்றின் மீது ஓட்டிக் காட்டினார். 1881இல் பாரிஸ் நகரத்துக் கஸ்டாவ் ட்ரூவே, மோட்டாரும் விசிறியும் சுக்கானும் ஒன்றாக இணைந்து, படகின் பின்புறத்திலிருந்து கழற்றி எடுக்கத்தக்கதோர் அமைப்பைச் செய்து செயின் ஆற்றில் பயன்படுத்தினார். பின்னர்ப் பெட்ரோல் எஞ்சின் பரவியதும் இம்முயற்சிகள் பின்தங்கிவிட்டன.

அதற்குக் காரணம் எளிது. ஒரு லிட்டர் பெட்ரோல் முக்கால் கிலோகிராம் எடைதான். அதில் அடங்கியுள்ள ஆற்றலோ ஏறத்தாழ 9 யூனிட். சிறிய எஞ்சின் அதில் ஐந்தில் நான்கு பங்கை வெப்பமாக வீணாக்கினாலும், எஞ்சிய ஏறத்தாழ 1.8 யூனிட் படகை ஓட்டப் பயன்படும். அதே அளவு ஆற்றலைத் தரக்கூடிய ஈய-அமிலப் பாட்டரியின் எடை நூறு கிலோகிராமுக்குக் குறையாது. ஆகையால் பெட்ரோல் படகைத் திட்டமிடுபவர் எஞ்சினிலிருந்து தொடங்கலாம். தவறு நேர்ந்தால் இன்னும் ஒரு டின் எண்ணெய் ஈடுசெய்துவிடும். மின்படகைத் திட்டமிடுபவருக்கு அந்த வசதி இல்லை. அவர் நீரிலிருந்து தொடங்க வேண்டும். படகை நீர் எவ்வளவு தடுக்கிறது, எவ்வளவு தொலைவு செல்ல வேண்டும், எப்படித் திரும்புவது என்ற மூன்றையும் அறிந்த பின்னரே மோட்டார் எது என்ற வினாவுக்கு விடை காண இயலும்.

இவ்வகையில் நன்கு திட்டமிடப்பட்ட கலம் ஒன்று நம் நாட்டிலேயே உண்டு. கேரளத்தில் வேம்பநாட்டுக் காயலின் இரு கரைகளிலும் உள்ள வைக்கம், தவணக்கடவு ஆகிய துறைகளுக்கிடையே 2017 ஜனவரியில் ஓடத் தொடங்கிய 'ஆதித்யா' என்னும் சூரியசக்திப் படகு 75 பயணிகளை ஏற்றிச் செல்லும் அளவினது. அதற்கு அமைந்த மோட்டார்கள் இரண்டு. ஒவ்வொன்றும் 20 கிலோவாட். இரண்டும் சேர்ந்தே ஒரு சிறிய காரின் எஞ்சினளவுதான். இவ்வளவு சிறிய திறன் போதியதாவதற்குக் காரணம், அது ஒடுங்கிய இரட்டை உடல்களின் மீது மிதப்பதும், மிதமான வேகத்தோடு அமைவதுமே ஆகும்.

நீரின் தடை

நகரும் படகை நீர் இருவகையில் தடுக்கிறது. படகின் அடிப்பாகத்தை உராய்ந்து செல்வதால் தோன்றும் தடை ஒன்று. படகு எழுப்பும் அலைகளால் தோன்றும் தடை மற்றொன்று. மெதுவாகச் செல்கையில் முதலாவதே பெரிது. அது வேகத்தின் வர்க்கத்தையொட்டி ஏறும். ஆதலின் தேவைப்படும் திறன் வேகத்தின் முப்படியையொட்டி ஏறும். வேகம் கூடக் கூட, படகின் முகப்பில் எழும் அலையின் நீளமும் கூடும். அந்நீளம் படகின் நீர்க்கோட்டு நீளத்துக்குச் சமமாகும்போது, படகு தானே எழுப்பிய அலையின் பள்ளத்தில் பின்புறம் அமிழ்ந்து, முன்னுள்ள அலைமுகட்டின் மீது ஏற முயல்வதுபோல் ஆகிவிடும். அந்த எல்லைக்குப் பின் திறனை எவ்வளவு கூட்டினாலும், கனத்த படகில் வேகம் சிறிதே கூடும்.

இவ்வெல்லையைக் கணக்கிடும் வழி எளிது. நீர்க்கோட்டு நீளத்தை மீட்டரில் அளந்து, அதன் வர்க்க மூலத்தை 4.5 ஆல் பெருக்கினால், எல்லை வேகம் மணிக்கு இத்தனை கிலோமீட்டர் எனக் கிடைக்கும். 5 மீட்டர் நீளமுள்ள படகிற்கு அது ஏறத்தாழ 10 கிலோமீட்டர்.

கடல்தர ஒட்டுப்பலகையால் வீட்டிலேயே கட்டப்பட்ட 5 மீட்டர் படகு ஒன்றை எடுத்துக்கொள்க. நால்வரும் பாட்டரியும் ஏறியபின் மொத்த எடை 600 கிலோகிராம். இப்படகின் தடையைச் சூத்திரங்களால் மதிப்பிடலாம். ஆனால் கட்டியவரின் கையில் படகே இருக்கும்போது, அதை அளந்தறிவதே மேலானது.

தராசு கொண்டு அளத்தல்

1871ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் வில்லியம் ஃப்ரூட் 'கிரேஹவுண்ட்' என்னும் போர்க்கப்பலை 'ஆக்டிவ்' என்னும் மற்றொரு கப்பலால் இழுக்கச் செய்து, இழுகயிற்றில் விழுந்த விசையை அளந்தார். முன்கப்பல் கலக்கிய நீரில் பின்கப்பல் விழாதபடி, பக்கவாட்டில் நீட்டிய நீண்ட மரத்தின் முனையில் கயிறு கட்டப்பட்டது. இழுவிசையையும் எஞ்சினின் திறனையும் ஒப்பிட்டபோது, எஞ்சின் தரும் திறனில் பாதிக்கும் குறைவான பகுதியே கப்பலை முன்செலுத்தப் பயன்படுகிறது என்பது வெளிப்பட்டது. எஞ்சியது இயந்திர உறுப்புகளின் உராய்விலும், விசிறியிலும், அது கலக்கும் நீரிலும் செலவாகியது.

அச்சோதனையைச் சிறு அளவில் எவரும் செய்து பார்க்கலாம். தேவையானவை: இழுத்துச் செல்ல ஒரு மோட்டார் படகு, நீண்ட கயிறு, 50 கிலோகிராம் வரை காட்டும் வில் தராசு, வேகத்தைக் காட்டும் கைப்பேசி. இழுக்கும் படகின் குறுக்கே ஒரு மூங்கிலைக் கட்டி, அதன் வெளிமுனையிலிருந்து கயிற்றை விடுதல் நலம். ஃப்ரூட் செய்ததும் அதுவே. காற்றில்லாத அதிகாலையில், படகில் உரிய எடையை ஏற்றி, ஒவ்வொரு வேகத்திலும் தராசு காட்டும் எண்ணைக் குறித்துக்கொள்க. நீரோட்டத்தால் நேரும் பிழை நீங்க, ஒரே வழியில் போகும்போதும் வரும்போதும் அளந்து சராசரி காண்க. ஓர் காலைப்பொழுதில் முடிந்துவிடும் வேலை. பின்னர் வாங்கப்போகும் ஒவ்வொரு பொருளின் விலையையும் இதுவே நிர்ணயிக்கும்.

எடுத்துக்காட்டுப் படகில் தராசு காட்டிய இழுவிசை 4 கிலோமீட்டர் வேகத்தில் 2 கிலோ, 6 கிலோமீட்டரில் 4.5 கிலோ, 8 கிலோமீட்டரில் 10 கிலோ, 10 கிலோமீட்டரில் 25 கிலோ எனக் கொள்க. இழுவிசையை வேகத்தால் பெருக்கி, வரும் எண்ணை மீண்டும் 2.7 ஆல் பெருக்கினால், நீரில் செலவாகும் திறன் வாட் கணக்கில் கிடைக்கும். அவை முறையே ஏறத்தாழ 22, 74, 218, 680 வாட். ஆனால் பாட்டரியிலிருந்து எடுக்கப்படும் திறன் இதனினும் மிகுதி. நல்ல விசிறி தான் பெற்றதில் பாதியைத்தான் உந்துதலாக மாற்றும். மோட்டாரும் வேகம் குறைக்கும் பட்டையும் சேர்ந்து ஐந்தில் ஒரு பங்கை இழக்கும். ஆக, பாட்டரி தருவதில் நூற்றுக்கு நாற்பதே நீரைச் சேரும். எனவே பாட்டரியிலிருந்து எடுக்க வேண்டிய திறன்:

மணிக்கு 4 கிலோமீட்டர் வேகத்தில் 55 வாட்
மணிக்கு 6 கிலோமீட்டர் வேகத்தில் 185 வாட்
மணிக்கு 8 கிலோமீட்டர் வேகத்தில் 545 வாட்
மணிக்கு 10 கிலோமீட்டர் வேகத்தில் 1,700 வாட்

12 வோல்ட், 50 ஆம்பியர்-மணி அளவுள்ள ஈய-அமிலப் பாட்டரிகள் நான்கைத் தொடராக இணைத்தால் 48 வோல்ட்டில் 2,400 வாட்-மணி ஆற்றல் உண்டு. அவற்றைப் பாதிக்கு மேல் வடித்தால் ஆயுள் விரைவில் குறையுமாதலால், 1,200 வாட்-மணியே பயன்கொள்ளத்தக்கது. அதைக்கொண்டு 6 கிலோமீட்டர் வேகத்தில் ஆறரை மணி நேரம், அதாவது 39 கிலோமீட்டர் செல்லலாம். 8 கிலோமீட்டர் வேகத்தில் 17 கிலோமீட்டருக்குச் சற்று மேல். 10 கிலோமீட்டர் வேகத்திலோ 7 கிலோமீட்டர்தான். வேகத்தை இரண்டு கிலோமீட்டர் கூட்டியதால் பயணத் தொலைவு பாதிக்கும் கீழாய்ச் சுருங்குவதைக் காண்க.

திரும்பும் வழி

மேற்கண்ட எண்கள் யாவும் காற்றில்லாத நீர்ப்பரப்புக்கு உரியவை. வேம்பநாட்டுக் காயலின் மேற்குக் கரையிலுள்ள முகம்மாவிலிருந்து காலையில் புறப்பட்டுக் கிழக்கே கரை சேர்ந்து, பிற்பகலில் திரும்பும் ஒருவரை நினைத்துக்கொள்க. ஒருவழிப் பயணம் 8 கிலோமீட்டர் என்று வைத்துக்கொண்டால், போகவர 16 கிலோமீட்டர். 8 கிலோமீட்டர் வேகத்தில் படகு 17 கிலோமீட்டர் செல்லுமாதலால், பாட்டரி போதும் என்றே கணக்குச் சொல்லும்.

ஆனால் பிற்பகலில் அரபிக் கடலிலிருந்து கரைநோக்கிக் காற்று எழுகிறது. மேற்கே திரும்பும் படகுக்கு அது எதிர்க்காற்று. காற்று மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் வீச, படகு 6 கிலோமீட்டர் வேகத்தில் எதிர்த்துச் சென்றால், படகும் அதில் அமர்ந்திருப்பவர்களும் சேர்ந்து ஒன்றரைச் சதுர மீட்டர் பரப்பில் காற்றைத் தாங்க வேண்டும். அதனால் தோன்றும் தடை 9 கிலோவுக்கு மேல். நீரின் தடையாகிய 4.5 கிலோவையும் கூட்டினால் ஏறத்தாழ 13.7 கிலோ, மும்மடங்கு. பாட்டரியிலிருந்து 560 வாட் எடுத்தால்தான் 6 கிலோமீட்டர் வேகம் நிலைக்கும். அலையின் மோதலை இக்கணக்கு இன்னும் சேர்த்துக்கொள்ளவில்லை.

போகும்போது 8 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு மணி நேரத்தில் 545 வாட்-மணி செலவாயிற்று. கைவசம் எஞ்சியது 655. திரும்பி வரத் தேவைப்படுவது ஏறத்தாழ 750. ஆகவே படகு ஏழு கிலோமீட்டர் வந்து, கரை கண்ணுக்குத் தெரியும் இடத்தில், ஒரு கிலோமீட்டர் மிச்சமிருக்க நின்றுவிடும். அல்லது பாட்டரியை அழித்துக்கொண்டு ஊர்ந்து வரும். நின்ற படகைக் காற்று தான் வீசும் திசையிலேயே கொண்டுசெல்லும்.

அதே மனிதர், அதே பாட்டரியோடு, காலையில் 6 கிலோமீட்டர் வேகத்தில் சென்றிருந்தால் செலவு 245 வாட்-மணிதான். இருபது நிமிடம் தாமதமாகப் போய்ச் சேர்ந்திருப்பார். எஞ்சிய 955 வாட்-மணியிலிருந்து 750ஐச் செலவிட்டு, 200 மிச்சத்தோடு வீடு திரும்பியிருப்பார். எதிர்க்காற்றில் திரும்புவதற்கான ஆற்றலை முதலில் ஒதுக்கிவிட்டு, எஞ்சியதைக் கொண்டே போகும் வேகத்தைத் தீர்மானிப்பதுதான் மின்படகுத் திட்டத்தின் உயிர்நிலை. மோட்டார்க் கடைகளில் இதைச் சொல்வார் அரியர்.

நிழலுக்காகவும் சூரியத் தகடுகளுக்காகவும் மேலே கூரை அமைப்பவர்கள் இதனைக் குறிப்பாக எண்ணிப் பார்க்க வேண்டும். 2 சதுர மீட்டர்த் தகடு நல்ல வெயிலில் 400 வாட் வரை தரும். 6 கிலோமீட்டர் வேகத்துக்கு அதுவே போதும். எனினும் கூரையும் அதன் தூண்களும் காற்றைத் தாங்கும் பரப்பைக் கூட்டுகின்றன. எதிர்க்காற்றோடு மேகமும் வந்தால் இரு வழியிலும் நட்டமே. தட்டையாக, தாழ்வாக, ஓரங்களில் திரைத்துணியின்றி அமைந்த கூரையே ஏற்றது.

மோட்டாரும் விசிறியும்

இனி மோட்டாரைத் தேர்தல் கடினமன்று. அன்றாடத் தேவை 200 வாட்டுக்கும் குறைவு, எதிர்க்காற்றில் 560. ஆகவே இடையறாது 1 கிலோவாட் தரவல்ல மோட்டார் போதுமானது. 10 கிலோமீட்டர் வேகத்தை விரும்பி இதற்கு மேற்பட்டதை வாங்குதல் வீண். நம் நகரங்களில் ஓடும் மின்ரிக்ஷாக்களில் பயன்படும் 48 வோல்ட் மோட்டார்கள் இவ்வளவினவே; கட்டுப்பாட்டுக் கருவியும் உதிரி உறுப்புகளும் எளிதில் கிடைக்கும். ஆனால் அவை நீருக்கென்று செய்யப்பட்டவை அல்ல. படகின் அடியில் தேங்கும் நீர் எட்டாத உயரத்தில், தெறிப்பு விழாத ஆனால் காற்று புகக்கூடிய பெட்டிக்குள் மோட்டாரை வைத்தல் வேண்டும். முற்றிலும் மூடிவிட்டால் வெப்பம் வெளியேறாது.

விசிறியைப் பொறுத்தமட்டில், பெரிய விசிறி மெதுவாகச் சுழலுதல் சிறிய விசிறி விரைவாகச் சுழலுதலினும் சிறந்தது. மிகுந்த நீரைச் சிறிது வேகத்தோடு பின்தள்ளுவதில் விரயம் குறைவு. சிறிதளவு நீரை மிகு வேகத்தோடு வீசுவதில் விரயம் மிகுதி. இப்படகுக்கு 30 சென்டிமீட்டர் விட்டமும் 25 சென்டிமீட்டர் புரியிடையும் உள்ள விசிறி பொருந்தும். புரியிடை என்பது, நீர் கெட்டிப்பொருளாயிருந்தால் ஒரு சுற்றில் விசிறி திருகாணிபோல் முன்னேறும் தூரம். நிமிடத்துக்கு 700 சுற்றில் அது 175 மீட்டர் முன்னேற வேண்டும். 8 கிலோமீட்டர் வேகத்தில் படகு செல்வதோ நிமிடத்துக்கு 133 மீட்டர். இடைப்பட்ட வேறுபாடு வழுக்கல் எனப்படும். கால்பங்கு அளவுக்கு வழுக்கல் இருப்பது இயல்பே. வழுக்கலே இல்லையெனில் உந்துதலும் இல்லை. நிமிடத்துக்கு 2,800 சுற்று சுழலும் மோட்டாரை 700 சுற்றுக்குக் கொணர, பல்பட்டையும் நான்குக்கு ஒன்று என்ற விகிதத்தில் இரு சக்கரங்களும் போதும்.

ஆகாயத்தாமரை மண்டிய நீர்நிலைகளில் விசிறியில் கொடி சுற்றிக்கொள்ளும். சுழற்சி தடைப்பட்ட மோட்டார் மிகுந்த மின்னோட்டத்தை இழுத்து எரிந்துபோகக் கூடும். மின்னோட்டத்துக்கு உச்சவரம்பு வைக்கும் கட்டுப்பாட்டுக் கருவியும், விசிறியை நீருக்கு மேல் தூக்கிக் கையால் துப்புரவு செய்ய இடந்தரும் அமைப்பும் அங்கே இன்றியமையாதவை.

பாட்டரியும் கம்பியும்

48 வோல்ட்டைத் தேர்ந்ததற்குக் காரணம் கம்பியில் உண்டு. 960 வாட் திறனை 12 வோல்ட்டில் கடத்த 80 ஆம்பியர் வேண்டும். பாட்டரியிலிருந்து மோட்டாருக்குப் போகவரக் கம்பி 6 மீட்டர், அதன் குறுக்குவெட்டு 10 சதுர மில்லிமீட்டர் எனில், கம்பியிலேயே 67 வாட் வெப்பமாகக் கழியும். 48 வோல்ட்டில் மின்னோட்டம் 20 ஆம்பியர். இழப்பு 4 வாட்டுக்குச் சற்று மேல். மின்னழுத்தத்தை நான்கு மடங்காக்கினால் இழப்பு பதினாறில் ஒரு பங்காகிறது. 48க்கு மேலும் செல்லலாமே எனில், ஈரக் கையோடு பழகும் இடத்தில் உயர்ந்த மின்னழுத்தம் ஆபத்தானது என்பதே விடை.

பாட்டரியின் மேல் முத்திரையிட்டுள்ள ஆம்பியர்-மணி, பெரும்பாலும் இருபது மணி நேரம் மெல்ல வடிப்பதற்கு உரிய அளவு. விரைந்து வடித்தால் ஈய-அமிலப் பாட்டரி அவ்வளவு தருவதில்லை; இதனை 1897இல் பாய்க்கெர்ட் என்பவர் விதியாக வகுத்துரைத்தார். ஆகவே எதிர்க்காற்றோடு போராடும் படகுக்கு மேற்சொன்ன கணக்கு இன்னும் இறுகும். லிதியம் இரும்பு பாஸ்பேட் பாட்டரிக்கு இக்குறை சிறிதே. அதில் ஐந்தில் நான்கு பங்கைப் பயன்கொள்ளலாம்; எடையும் பாதிக்குக் கீழ். விலை மிகுதி. அதில் வேறொரு நுட்பமும் உண்டு. ஈய-அமிலப் பாட்டரி தளர்வதைப் படகின் வேகம் குறைவதிலிருந்தே உணரலாம். லிதியம் பாட்டரியோ இறுதிவரை உறுதியாக ஓடி, அதன் காப்புச் சுற்று துண்டித்தவுடன் திடீரென நின்றுவிடும். செலவான ஆம்பியர்-மணியைக் காட்டும் மீட்டர் இல்லாமல் அதை நம்பிக் காயலில் இறங்குதல் தகாது.

ஈய-அமிலப் பாட்டரிக்கு மின்னேற்றும்போது ஹைட்ரஜன் வெளிப்படுகிறது. காற்றில் அது நூற்றுக்கு 4 பங்கை எட்டினால் ஒரு பொறி போதும். பெட்டியின் மேற்புறத்தில் திறப்பு இருத்தல் வேண்டும். ஃபியூஸ் எனப்படும் உருகிழையைப் பாட்டரியின் நேர்முனைக்கு மிக அருகில் அமைத்தல் வேண்டும். மோட்டாருக்கு அருகே அமைத்தால் இடைப்பட்ட கம்பி காப்பற்றதாகிவிடும்.

உப்புநீரில் உலோகங்கள் ஒன்றையொன்று அரிக்கும். விசிறித் தண்டில் பொருத்திய துத்தநாகத் துண்டு தான் அரிபட்டுத் தண்டைக் காக்கும். நன்னீரில் துத்தநாகம் அவ்வளவாகப் பயன்படாது, மக்னீசியம் ஏற்றது. வேம்பநாட்டில் தண்ணீர்முக்கம் தடுப்பணை மூடியிருக்கும் மாதங்களில் வடபுறம் உவர்நீர், தென்புறம் நன்னீர். இரண்டிலும் சென்றுவரும் படகுக்கு அலுமினியக் கலவைத் துண்டே பொருத்தம்.

வெள்ளோட்டம்

இந்தியாவில் உள்நாட்டு நீர்வழிகளில் ஓடும் இயந்திரக் கலங்களுக்கு 2021ஆம் ஆண்டின் உள்நாட்டுக் கலங்கள் சட்டப்படி சோதனையும் பதிவும் உண்டு. மோட்டாரைப் பொருத்துவதற்கு முன்பே அவ்வலுவலகத்தில் விசாரித்தறிதல் நலம்.

முதல் ஓட்டத்தைக் கரையோரத்திலேயே வைத்துக்கொள்க. துடுப்பு இரண்டும், நங்கூரமும், ஒவ்வொருவருக்கும் மிதவை அங்கியும் படகில் இருத்தல் வேண்டும். ஆம்பியர் மீட்டரைக் கவனித்து, 4, 6, 8 கிலோமீட்டர் வேகங்களில் மின்னோட்டத்தைக் குறித்துக்கொள்க. 48 வோல்ட்டில் அவை 1.2, 3.9, 11.4 ஆம்பியருக்கு அருகில் இருந்தால் கணக்கும் படகும் ஒத்துள்ளன. மிகுதியாக இருந்தால் விசிறியின் புரியிடையையும், தண்டின் நேர்மையையும், படகின் அடியில் படிந்த பாசியையும் அம்முறையே சோதிக்க வேண்டும். பின்னர்க் காற்றுள்ள ஒரு பிற்பகலில், காற்றை எதிர்த்து அரை மணி நேரம் ஓட்டி, 6 கிலோமீட்டர் வேகத்துக்கு எத்தனை ஆம்பியர் தேவைப்படுகிறது என்று பார்க்க வேண்டும். அந்த எண்ணையும், அதைக்கொண்டு கணக்கிட்ட திரும்பும் தொலைவையும் சுக்கானுக்கு எதிரே பலகையில் வண்ணத்தால் எழுதி வைத்தல் வழக்கமாகட்டும்.